சங்கக் கூட்டத்தில் எல்லாரும் 'சரி' என்றால் அது சரியாகிவிடுமா?

கடைமடை_வாசி
ஒரே 'பி' வாய்க்காலை (கிளை வாய்க்கால்) நம்பியிருக்கிற பாசன சங்கம். 40 பேர் வரைக்கும் கூட்டத்துக்கு வருவாங்க. வருஷா வருஷம் முடிவு பண்ண வேண்டியது மூணு: குறுவைக்கு (ஜூன் வாக்குல தொடங்குற குறுகிய கால நெல்) நாற்றங்கால் எப்போ விடுறது, தண்ணி குறைஞ்சா முறை எப்படி வைக்கிறது, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும்னு முன்கூட்டியே கணிக்கிறது (மிஷின், சாக்கு, ஆள் எல்லாம் அதை வச்சுத்தான் பேசணும்). பல ஊர்ச் சங்கங்கள்ல நடக்கிறது ஒண்ணுதான். முதல்ல வாயைத் திறக்கிறவர் ஒரு தேதி சொல்வார், ரெண்டாவது ஆள் "அதான் சரி"ம்பார், மூணாவது ஆள் தீர்மானப் புத்தகத்தை எடுப்பார்.

ஊர் கூடி எடுக்கிற முடிவு எப்போ தனி ஆள் முடிவை விட நல்லா வருது, எப்போ மோசமா வருது? தத்துவம் வேண்டாம். கூட்டத்துல செய்யற மாதிரி சொல்லுங்க.

கணக்கு_வாத்தியார்
எண் கணிப்பிலிருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம்.

1906இல் இங்கிலாந்தின் பிளைமவுத் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டைக் காட்டி, அதை அறுத்துச் சுத்தம் செய்தால் இறைச்சி எத்தனை பவுண்டு தேறும் என்று போட்டி வைத்தார்கள். ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கி, எடையை எழுதிப் போட வேண்டும். ஃபிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். தெளிவாக இருந்தவை 787. வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற எண் 1,207 பவுண்டு. அவர் அச்சிட்ட உண்மை எடை 1,198. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், அது ஏன் வேலை செய்தது என்பதை விட்டுவிடுவார்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியதால் யாரும் விளையாட்டுக்கு எழுதவில்லை. அடுத்தவர் எழுதியதை யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் கசாப்புக்காரரும் இருந்தார், விவசாயியும் இருந்தார், வேடிக்கை பார்க்க வந்தவரும் இருந்தார். அதனால் தவறுகள் இரண்டு பக்கமும் சிதறி ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

உங்கள் மூட்டைக் கணக்குக்கு இதை அப்படியே எடுக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஐந்து சீட்டில் ஏக்கருக்கு 22, 24, 25, 26, 60 என்று வந்தால் சராசரி 31.4, நடு எண் 25. அந்த 60ஐ எழுதியவர் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை, அவர் வேறு மூட்டையை நினைத்து எழுதியிருக்கலாம். சராசரி அந்த ஒரு சீட்டுக்காக வளைந்துவிடும், நடு எண் அசையாது. எனவே எப்போதும் நடு எண்.

பெல்ட்_வண்டி
மூட்டை விஷயம் சின்ன விஷயம் இல்லை சார். நம்ம ஆளுங்க 60 கிலோ மூட்டைக் கணக்குல பேசுவாங்க. கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சாக்கு. நிலமும் அப்படித்தான், ஒருத்தர் மாவுக்குச் சொல்வார், ஒருத்தர் ஏக்கருக்கு. மூணு மா ஒரு ஏக்கர். சீட்டுல "ஏக்கருக்கு, 60 கிலோ மூட்டை"ன்னு அச்சடிச்சே கொடுத்துடணும். இல்லைன்னா பாதிச் சண்டை அளவுச் சண்டைதான்.

குடமுருட்டி
மாடு கண்ணு முன்னாடி நிக்குது வாத்தியாரே. மேட்டூர்ல தண்ணி ஆகஸ்ட்ல இருக்குமாங்கிறது எந்தச் சீட்டுல தெரியும்? 40 பேருக்கும் தெரியாததை 40 சீட்டு போட்டா தெரிஞ்சிடுமா?

கணக்கு_வாத்தியார்
தெரியாது. இன்னும் மோசமாகக்கூட ஆகும். 1785இல் பிரெஞ்சுக்காரர் காண்டோர்செ போட்ட கணக்கு இது. ஆம்/இல்லை கேள்விக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக 60 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடியவர் என்றால், 5 பேரின் பெரும்பான்மை 68 சதவீதம் சரி, 11 பேர் என்றால் 75. ஆள் கூடக் கூட நல்லது. ஆனால் ஒவ்வொருவரும் 40 சதவீதம்தான் சரி என்றால் 5 பேரின் பெரும்பான்மை 32 சதவீதம், 11 பேர் என்றால் 25. ஆள் கூடக் கூட நிச்சயமாகத் தப்பு.

'தனித்தனியாக' என்ற சொல்லை விடாதீர்கள். 40 பேரின் தவறுகளுக்குள் 0.5 அளவு ஒட்டுறவு இருந்தால், அதாவது ஒருவர் தப்பும் பக்கமே மற்றவரும் தப்புவது வழக்கமென்றால், எண் கணிப்பில் அந்த 40 பேர் 40 ÷ (1 + 39 × 0.5), சுமார் 2 பேருக்குத்தான் சமம். ஒட்டுறவு 0.1 என்றால் 8 பேருக்குச் சமம். காலையில் எல்லார் கைபேசிக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் மாலைக் கூட்டத்துக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே ஆள்தான், 40 நாற்காலியில்.

வெண்ணாற்றங்கரை
மேட்டூர்க் கணிப்பு தப்புறதுக்கு இதுவே காரணம். எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்கிறோம்: அடி. 120 அடி, 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) முழுக் கொள்ளளவு. 90 அடி இருந்தா முக்கால் அணைன்னு மனசு சொல்லும். ஆனா அணை கீழே குறுகி மேலே விரிஞ்சு இருக்கு. 90 அடியில சுமார் 53 டிஎம்சிதான், 100 அடியில சுமார் 65. அடியை வச்சு யோசிக்கிற 40 பேரும் ஒரே பக்கம்தான் தப்புவாங்க, கூட்டிப் போட்டு நடு எண் எடுத்தாலும் அந்தத் தப்பு அப்படியே நிக்கும்.

ரெண்டாவது, அணையில இருக்கிறது மட்டும் போதாது, வரத்து வேணும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கர்நாடகம் எல்லையில இருக்கிற பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி விடணும். அதுல ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. குறுவை நம்பி நிக்கிறது ஜூலை, ஆகஸ்ட் வரத்தை. 2023இல் ஜூன் 12 அன்னிக்கு 103 அடிக்கு மேல இருந்துச்சு, வழக்கமான தேதியிலேயே திறந்தாங்க. அடியைப் பார்த்த யாரும் சந்தேகப்படல. தென்மேற்குப் பருவமழை ஏமாத்துச்சு, வரத்து இல்ல, கடைமடையில (வாய்க்காலோட கடைசிப் பக்கம்) குறுவை காய்ஞ்சது, அக்டோபர் 10ஆம் தேதி அணையையே மூடிட்டாங்க. 2024 அப்படி இல்லை. நீர்மட்டம் குறைவுன்னு ஜூன்ல திறக்கவே இல்லை, ஜூலை 28தான் திறந்தாங்க.

அதனால கூட்டத்துல "தண்ணி வருமா?"ன்னு கேக்கக்கூடாது. ஒரு தாள்ல மூணு எண் எழுதி ஒட்டுங்க: இன்னிக்கு அணையில எத்தனை டிஎம்சி (அடி வேண்டாம்), நேத்து வரத்து எத்தனை கன அடி, கர்நாடகத்து நாலு அணையில (கே.ஆர்.எஸ்., கபினி, ஹேமாவதி, ஹாரங்கி) மொத்தம் எவ்வளவு. அப்புறம் கேளுங்க: "நம்ம வாய்க்கால் தலைப்புல (வாய்க்கால் ஆரம்பிக்கிற இடம்) எந்தத் தேதிக்குத் தண்ணி வரும்?" மேட்டூர்ல திறந்தா கல்லணைக்கு மூணு நாலு நாள். அதுக்கு மேல ஒவ்வொரு வாய்க்காலுக்கும் எத்தனை நாள்ங்கிறது அந்தந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். அந்த இடத்துலதான் ஊர்ச் சீட்டு மதிப்புள்ளது.

கடைமடை_வாசி
சரி, தேதி வந்துடுச்சு. நாற்றங்கால் முடிவு?

ஆடுதுறை_பக்கம்
அது கருத்துக் கேட்கும் விஷயமே இல்லை, நாள்காட்டி விஷயம். 110 நாள் ரகம் (ஆடுதுறை 36, கோ 51 மாதிரி) ஜூன் 12 விதைத்தால் செப்டம்பர் 30 அறுவடை. ஜூலை 15 விதைத்தால் நவம்பர் 2, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் சாய்ந்த பயிரை அறுக்க வேண்டும். கூட்டம் முடிவு செய்ய வேண்டியது கடைசித் தேதி ஒன்றைத்தான்: "இந்தத் தேதிக்குள் தலைப்பில் தண்ணீர் வராவிட்டால் குறுவை இல்லை, ஒருபோக சம்பா (பிந்தி நடும் ஒரே நெல்) மட்டும்." இதைத் தண்ணீர் வரும் முன்பே, யார் வயல் நனையும் என்று தெரியாதபோதே, எழுதிவிட வேண்டும். தண்ணீர் பாதி வந்த பிறகு கூடினால் தலைமடைக்காரர் கையைத் தூக்குவார், கடைமடைக்காரர் கையை மடக்குவார்.

இன்னொன்று. "எல்லாரும் ஒரே மாதிரி செய்வது ஆட்டுமந்தைப் புத்தி" என்று இழையில் யாராவது எழுதப்போகிறீர்கள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். நடவை இரண்டு மூன்று வாரத்துக்குள் ஊர் முழுக்க முடிப்பது புத்திசாலித்தனம். முன்னும் பின்னுமாக நட்டால் புகையான் பூச்சி முந்தின வயலில் பெருகிப் பிந்தின வயலுக்குப் போகும், எலிக்கும் தொடர்ந்து பொதிக் கதிர் கிடைத்துக்கொண்டே இருக்கும். எலிக் கிட்டி வைப்பதும் அப்படித்தான். ஒருவர் வயலில் மட்டும் வைத்தால் பக்கத்து வரப்பிலிருந்து வந்து நிரப்பும். அங்கே தேதி மிகச் சரியானதா என்பதைவிட எல்லாரும் ஒத்த தேதியா என்பது முக்கியம்.

ஆனால் ஊர் முழுக்க ஒரே ரகம் வேறு கதை. ஒரு பூச்சி, ஒரு நோய், ஒரு மழை, எல்லாம் ஒரே நாளில் ஒரே பருவத்தில் பிடிக்கும். அறுப்புக்கும் எல்லாருக்கும் ஒரே வாரம்தான்.

பெல்ட்_வண்டி
அந்த ஒரே வாரத்துலதான் மிஷின் வாடகை ஏறுது, கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லு குவியுது. வாய்க்கால் வாரியா ஒரு வாரம் தள்ளி நட்டா பூச்சிக்கும் இடம் கொடுக்காம மிஷினும் சுத்தி வரும். இதை ஒரு சங்கம் மட்டும் முடிவு பண்ண முடியாது, பக்கத்து வாய்க்காலோட பேசணும்.

கல்வெட்டு_நேசன்
குடவோலையை இன்னும் யாரும் எடுக்காதது ஆச்சரியம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாக (வார்டு மாதிரி) பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவன் எடுப்பான். வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. வாங்கியவர் வாசித்த பின் அங்கிருந்த மற்றவர்களும் அதே ஓலையை வாசிக்க வேண்டும்.

இப்படித் தேர்ந்த வாரியங்கள் (குழுக்கள்): சம்வத்சர (ஆண்டு) வாரியம் 12 பேர், தோட்ட வாரியம் 12, ஏரி வாரியம் 6. பதவி 360 நாள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. நம் சங்கங்களுக்கு இந்தக் கடைசி இரண்டு விதிகளையாவது கடன் வாங்கலாம் என்பது என் கட்சி.

குடமுருட்டி
முதல் விஷயம், உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம், ஏரிப் பாசன ஊர், நம்ம டெல்டா இல்லை. ரெண்டாவது, தகுதி என்னன்னும் சொல்லுங்க: கால் வேலிக்கு (வேலிங்கிறது பழைய நில அளவு) மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, 35க்கு மேல 70க்குள்ள வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும். வயல்ல இறங்கினவன் ஒருத்தனும் அந்தக் குடத்துக்குள்ள இல்லை.

கல்வெட்டு_நேசன்
மறுக்கவில்லை. அது பிராமணச் சபை, அதற்குள்ளான சமத்துவம்தான். நான் எடுக்கச் சொல்வது குடத்தை மட்டும், தகுதிப் பட்டியலை அல்ல. உள்ளங்கையை விரிக்கச் சொன்னவனுக்கு மனிதர்களைத் தெரிந்திருந்தது.

கோரையாறு
குடமுருட்டி அண்ணன் தொட்ட இடம்தான் முக்கியம். வாத்தியார் சொன்ன 'தவறுகள் இரு பக்கமும் சிதறுவது' எப்போ நடக்கும்? வேற வேற இடத்திலிருந்து பார்க்கிறவங்க உள்ள இருந்தாத்தான். சங்கக் கூட்டத்துக்கு வர்றது பெரும்பாலும் பட்டாதாரர்கள், அதுவும் ஆம்பளைங்க. நாத்துப் பறிச்சு நடவு நடுற பெண்களுக்கு எந்த வயல்ல குத்துக்கு எத்தனை தூர் கட்டியிருக்குன்னு தெரியும். குத்தகைக்காரருக்கு எந்த மதகு அடைச்சிருக்குன்னு தெரியும். மிஷின் ஓட்டுறவர் சுத்துப்பட்டு 20 ஊரைப் பார்க்கிறார். மூட்டைக் கணிப்புக்கு இந்த மூணு தரப்பிலிருந்தும் சீட்டு வாங்குங்க. சங்க விதிப்படி ஓட்டு இல்லாட்டியும் சீட்டு வாங்கத் தடை இல்லையே.

எழுதத் தயங்குறவங்களுக்குப் புளியங்கொட்டை போதும். ஆளுக்கு ஒரு மூடின டப்பா, மறைவுல போய் ஏக்கருக்கு எத்தனை மூட்டையோ அத்தனை கொட்டை. சின்ன கூட்டத்துல கையெழுத்தை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க, அதுக்கும் இதுதான் வழி.

கை தூக்கச் சொல்றது மட்டும் கூடவே கூடாது. 1951லேயே சாலமன் ஆஷ் சோதிச்சுக் காட்டியாச்சு. எந்தக் கோடு நீளம்னு பளிச்சுனு தெரியற கேள்விக்கே, சுத்தி இருக்கிறவங்க (எல்லாம் சொல்லி வச்ச ஆளுங்க) தப்பாச் சொன்னா, கிட்டத்தட்ட மூணுல ஒரு தடவை மனுஷன் தெரிஞ்சே கூடச் சேர்ந்து தப்பு சொல்றான். அவனுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர் சரியாச் சொல்லிட்டா அந்தப் பயம் பெரும்பாலும் போயிடுது.

உப்பனாறு
கடற்கரைப் பக்கத்துக்காரங்க இறாலை மறக்க முடியாது. 1990களின் தொடக்கத்துல நாகை, சீர்காழிக் கரையோரம் வயல் வயலா வரி இறால் குட்டையா மாறுச்சு. பேராசைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. நடந்த விதத்தைப் பாருங்க. முதல்ல போட்டவருக்குக் காசு வந்தது உண்மை. ரெண்டாமவர் அந்தக் காசைப் பார்த்தார். மூணாமவர் ரெண்டு பேர் போட்டதைப் பார்த்தார். பத்தாமவர் வரும்போது ஒன்பது பேர் போட்டிருக்காங்க. அந்த ஒன்பதுல கணக்குப் பார்த்தவர் ஒருத்தர்தான், மத்த எட்டும் நகல்னு அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து ஆள் செய்யறது தெரியும், ஏன் செஞ்சார்ங்கிறது தெரியாது. அவருக்குத் தன் மனசுல சந்தேகம் இருந்தாலும் ஒன்பது பேருக்கு எதிரா ஒரு சந்தேகம் நிக்காது. அறுவடை ரோட்டுல லாரியில போகும், செத்த இறாலை ராத்திரியில கரையோரம் புதைச்சுடுவாங்க. கண்ணுல படறது லாபம் மட்டும்.

ஒரே ஓடையில கழிவை விட்டு அதே ஓடையிலிருந்து தண்ணி எடுத்தாங்க, 1994-95இல் வெள்ளைப் புள்ளி நோய் குட்டைக்குக் குட்டை தாவுச்சு. உப்பு ஏறின நிலம், கெட்ட குடிதண்ணி எல்லாம் சேர்ந்து சர்வோதயக்காரர் எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. 2012இல் மேற்கு மாவட்டங்கள்ல ஈமு கோழிக்கும் இதே பாதைதான், அங்க கறி வாங்க ஆளே இல்லாம குஞ்சு வாங்குறவன் காசுலயே சக்கரம் ஓடுச்சு.

புதுப் பயிர், புதுத் தொழில்னு யாராவது கூட்டத்துல கொண்டுவந்தா ஒரே கேள்வி போதும்: "இதை விட்டுட்டுப் போனவர் யாராவது இருக்காங்களா? அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்க."

வெண்ணாற்றங்கரை
முறைப்பாசனத்துக்கு வருவோம், கடைமடை அண்ணன் கேட்டது அதுவும்தான். இங்க நடு எண்ணை எடுக்காதீங்க. "உங்களுக்கு எத்தனை மணி நேரம் தண்ணி வேணும்?"னு சீட்டு போட்டா அது கணிப்பு இல்லை, கோரிக்கை. எல்லாரும் கூட்டித்தான் எழுதுவாங்க, கூட்டாதவன் ஏமாளி.

கணக்கை விதியா வச்சுக்கணும். 84 ஏக்கர், வாரத்துக்கு 168 மணி நேரம், ஏக்கருக்கு 2 மணி. அதோட நிறுத்தினா கடைமடை செத்துப்போகும். காய்ஞ்ச வாய்க்கால் நிரம்பி ஓட 6 மணி ஆகுதுன்னா அதை முதல்லயே பொதுவுல கழிக்கணும்: 162 ÷ 84, ஏக்கருக்கு ஒரு மணி 55 நிமிஷம். வழியில ஊறிப் போறதை ஈடுகட்டக் கடைமடைக்குக் கொஞ்சம் கூட்டணும், எவ்வளவுங்கிறதை ரெண்டு தரப்பும் சேர்ந்து நின்னு ஒரு தடவை அளந்துக்கணும். முறையைக் கடைமடையிலிருந்து தொடங்கணும், தலைமடையிலிருந்து ஆரம்பிச்சா வாரக் கடைசியில தண்ணி நிக்கிறதுக்கு ஆயிரம் காரணம் வரும். நம்ம பக்கம் வயல் வழியா வயலுக்குப் பாயற இடம் நிறைய, அங்க ஏக்கர்க் கணக்கு பேசாம மடைக்கு உட்பட்ட தொகுப்பை ஒரே பங்குதாரராக் கணக்குப் பண்ணுங்க. ராத்திரி முறை யாருக்குங்கிறதுக்கு மட்டும் குலுக்கல். அங்கே கல்வெட்டு ஐயா குடம் சரியாப் பொருந்தும்.

கடைமடை_வாசி
நல்லா இருக்கு. கூட்டத்து அன்னிக்கு முதல் அரை மணி நேரம் என்ன நடக்கணும்னு யாராவது வரிசையா எழுதுங்களேன்.

சங்கச்_செயலர்
எழுதுகிறேன். கேள்வி தாளில் முன்பே இருக்க வேண்டும், எண் அல்லது தேதி விடையாக, அளவு அச்சடித்து. உதாரணம் எழுதாதீர்கள். "எ.கா.: 30 மூட்டை" என்று போட்டால் பாதிப் பேர் 30ஐச் சுற்றியே எழுதுவார்கள். தலைமடை, நடு, கடைமடை என்று மூன்று நிறச் சீட்டு, பெயர் வேண்டாம். டீ வருவதற்கு முன், தலைவர் பேசுவதற்கு முன், சீட்டைப் பெட்டியில் போட்டாக வேண்டும். தலைவரும் பெரியவர்களும் இந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் நடைமுறையில் மிகக் கஷ்டமான படி.

பிறகு பலகையில் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதுங்கள். 40 சீட்டு என்றால் 20ஆவதும் 21ஆவதும் நடு, இரண்டுக்கும் இடையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே 10ஆவதையும் 31ஆவதையும் குறியுங்கள். அவை நெருங்கி இருந்தால் முடிவெடுக்கலாம். 18க்கும் 36க்கும் விரிந்து கிடந்தால் அது கருத்து வேறுபாடு அல்ல, தகவல் குறைவு. முடிவைத் தள்ளிவைத்து வயலுக்குப் போங்கள். ஒரு நிறம் மட்டும் ஓரத்தில் கூடி நின்றால் அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மற்றவர்களுக்குத் தெரியாது. அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பேச்சு: ஓரத்து எண்களுக்கான காரணத்தை முதலில் கேளுங்கள், யார் எழுதியது என்று கேட்காமல் "இவ்வளவு குறைவாக வர என்ன காரணம் இருக்கலாம்?" என்று. இளையவர் முதலில், பெரியவர் கடைசியில். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவரை மறுத்துப் பேசவே முறை வைத்து நியமியுங்கள். திருவாரூர்த் தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் திரும்பாது. முறை வைத்து வருவதால் அவர்மேல் யாருக்கும் வருத்தம் வராது. பிறகு இரண்டாம் சீட்டு, அந்த நடு எண்தான் தீர்மானம்.

மூட்டைக் கணிப்பை மட்டும் அறுவடையில் சரிபாருங்கள். குலுக்கலில் வந்த வயலில், வரப்போரம் தவிர்த்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து அடித்து எடை போடுங்கள். கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். 12.5 கிலோ வந்தால் 2,025 கிலோ, 60 கிலோ மூட்டையில் 33.75. ஆனால் அது ஈர நெல். ஈரப்பதம் 22 சதவீதம் என்றால் 14க்குக் காயும்போது 78/86 ஆகக் குறையும், 30.6 மூட்டைதான். இந்த மூன்று மூட்டையில்தான் "நாங்க சொன்னதுதான் சரி" என்ற சண்டை முழுக்க நடக்கும். வயலை நாமே தேர்ந்தெடுத்தால் கால் தானாக நல்ல வயலுக்குத்தான் போகும், அதனால் குலுக்கல் கட்டாயம்.

குடமுருட்டி
ரெண்டாம் சீட்டுலயும் ஒரே குடும்பத்து ஆறு பேர் பேசி வச்சு ஒரே எண் எழுதினா?

கணக்கு_வாத்தியார்
40இல் 6 என்றால், மற்ற 34 பேரின் நடு எண்ணிலிருந்து மூன்று இடத்துக்கு மேல் நகராது. நடுப்பகுதி நெருக்கமாக இருந்தால் அரை மூட்டைகூட மாறாது. சராசரி எடுத்திருந்தால் அந்த ஆறு பேர் 80 என்று எழுதியே கதையை முடித்திருப்பார்கள்.

கடைமடை_வாசி
தலைவர் சீட்டு போடலாமா?

சங்கச்_செயலர்
போடட்டும். பெட்டியைத் திறப்பதும் எண்ணுவதும் மட்டும் அவர் வேண்டாம். முதல் சீட்டு நடு எண், இரண்டாம் சீட்டு நடு எண், கடைசியில் நடந்தது என்று தீர்மானப் புத்தகத்தில் மூன்று பத்தி ஒதுக்குங்கள். மூன்றாம் பத்தியைச் சம்பா அறுப்பு முடிந்த கூட்டத்தில் நிரப்பலாம்.